சீதன மெசின்

மாத்தளையில் ஸ்பெனர் பிடித்தவன் எல்லாம் பாஸ்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவனும் பாஸ், ரேடியேட்டர் ஓட்டைக்கு ஈயம் ஊற்றுகிறவனும் பாஸ். ஆனால் அறுபதுகளில் பஸ் நிலையத்தடியில் இறங்கி வெறுமனே "பாஸ் எங்கே" என்று கேட்டால், தேத்தண்ணிக் கடைக்காரர் வேறு கேள்வி கேட்காமல் மர்சூக்கின் கராஜுக்குத்தான் கையை நீட்டுவார். எஞ்சின் கட்டுவதில் அவருக்கு அப்படியொரு பேர். கலேவெலயிலும் தம்புள்ளையிலும் மரக்கறி ஏற்றுகிற லொறிக்காரர்கள் வழியில் இருந்த கராஜுகளையெல்லாம் தாண்டி வந்து இவர் வாசலில்தான் லொறியை நிறுத்துவார்கள்.

ஆள் இனிப்பான ஆள் இல்லை. எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது சொந்தக்காரன் பக்கத்தில் வந்து நின்று எப்போது முடியும் என்று கேட்டால், முடிந்த அன்றைக்கு என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டிவிடுவார். காசுக்காரனா, ஏழையா என்றெல்லாம் பார்க்கமாட்டார், எல்லாருக்கும் ஒரே ஏச்சு. வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்தபடி போவார்கள். ஏனென்றால் மர்சூக் கட்டிய எஞ்சின் வழியில் படுத்துக்கொள்ளாது. அந்த ஒரு காரணத்துக்காக ஊர் அவருடைய வாயைப் பொறுத்துக்கொண்டது.

அந்த வாய் அடங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தங்கை ஸைனம்பு. வாப்பா மவுத்தானபோது அவள் கைக்குழந்தை. உம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. மர்சூக்குக்கு வாய்த்த மனைவியும் முதல் பிரசவத்திலேயே குழந்தையோடு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவர் இன்னொரு நிக்காஹ் பற்றிப் பேசவே விடவில்லை. வீட்டில் மிஞ்சியது தங்கை மட்டும்தான். அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டது, ஓதப்பள்ளிக்குக் கூட்டிப் போனது, காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தது எல்லாம் எண்ணெய்க் கறை போகாத அந்தக் கைகள்தான்.

ஐம்பதுகளின் நடுவில் ஸைனம்புவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொங்காவலயில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை மஹ்ரூப் பார்க்க இலட்சணமாக இருந்தான், பேச்சில் தேன் வடிந்தது. கைக்கூலியாக ஒரு தொகை கேட்டார்கள். அந்தக் காலத்தில் கைக்கூலி கேட்காத மாப்பிள்ளைக்கு உடம்பில் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும். ஆகவே அதில் யாருக்கும் வருத்தமில்லை. மர்சூக்கிடம் ரொக்கம் இல்லை என்பதுதான் சங்கடம்.

ஆனால் அவரிடம் ஒரு மெசின் இருந்தது. மலைப்பக்கத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்புகிறபோது பட்டறைச் சாமான்களை ஏலத்தில் விட்டார். அதில் உம்மாவின் நகைகளை விற்று மர்சூக் எடுத்தது அது. எஞ்சின் ஓட ஓட, பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்துபோகும். அதை உள்ளே மயிரிழை அளவு கடைந்தெடுத்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் போட்டால் கிழட்டு எஞ்சின் குமரியாகிவிடும். அந்த வேலைக்குப் போர் அடிப்பது என்று பேர். அதுவரை மாத்தளையில் அதற்கான மெசின் இல்லை, கண்டிக்குத்தான் போகவேண்டும். ஏலத்தில் எடுத்ததைத் தன் கராஜில் பூட்டி ஓட்டவேண்டும் என்பது மர்சூக்கின் கனவு.

கனவைத் தூக்கிச் சீதனமாகக் கொடுத்தார். ரொக்கத்தைக் கொடுத்தால் புடவையில் போட்டு முடக்கிவிடுவார்கள், மெசின் என்றால் தங்கையின் அடுப்பு என்றைக்கும் எரியும் என்று கணக்குப் போட்டார். ஊரே அவருடைய மூளையை மெச்சியது. நிக்காஹ் அன்று அந்த மெசினைப் புதுப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, மாட்டுவண்டியில் ஏற்றி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். பெண்கள் குரவையிட்டார்கள்.

மெசினைக் கொடுத்தால் மெசின்காரனாகிவிடுவான் என்று எப்படித்தான் நினைத்தாரோ. தவிலை வாங்கிக் கையில் கொடுத்தால் எவனாவது தவில் வாசித்துவிடுவானா? இது மர்சூக்குக்குத் தெரியாததல்ல. கல்யாண வீட்டுக்கு யார் மூளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

மஹ்ரூப் துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவன். துணி கிழிக்கும்போது வந்தவருக்கு ஒரு விரற்கடை கூடக் கொடுப்பது கடைக்காரனின் தாராளம். அதே தாராளத்தை அவன் இரும்பிலும் காட்டினான். வீட்டோடு சேர்த்துப் பட்டறை போட்டான், வாசலில் பலகை மாட்டினான், வெள்ளைச் சட்டையோடு மெசினைச் சுழற்றினான். ஆரம்பத்தில் மர்சூக் தினமும் போய்ச் சொல்லிக் கொடுத்தார். கத்தியைத் தீட்டிவிட்டுப் போடுங்கள் மச்சான், அடித்தட்டைத் துடைத்துவிட்டு வையுங்கள் மச்சான் என்று, தன் வாழ்நாளில் யாரிடமும் பேசாத பணிவோடு சொன்னார். மஹ்ரூப் தலையை ஆட்டுவான். ஆட்டிவிட்டு அழுக்கின் மேலேயே மெசினை வைப்பான். தங்கையின் புருசனை எத்தனை தடவைதான் திருத்துவது. ஒரு கட்டத்தில் மர்சூக் போவதை நிறுத்திக்கொண்டார்.

நிறுத்திக்கொண்டு, தன்னிடம் வருகிற எஞ்சின்களைச் சத்தமில்லாமல் கண்டிக்கு அனுப்பிப் போர் அடித்து எடுத்தார். மாத்தளையில் சத்தமில்லாமல் எதைச் செய்யமுடியும்? சொந்த மச்சானே நம்பாத மெசினை நாம் எப்படி நம்புவது என்று லொறிக்காரர்கள் கொங்காவலயில் நின்று கேட்டார்கள். மஹ்ரூப் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. பதிலை வீட்டுக்குள் சொன்னான். ஒரு நாள் அஸர் தொழுகை நேரம் ஸைனம்பு தகரப் பெட்டியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் மர்சூக் நானாவின் வாசலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றாள்.

வழக்கு பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போனது. தலைவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் நல்ல மனிதர், ஒரு குடும்பமும் உடையக்கூடாது என்று மனதார விரும்புகிறவர். அவர் இரண்டு பேரையும் உட்காரவைத்து நியாயம் சொன்னார். மெசினைக் கொடுத்தவர் மச்சான், அதை வைத்து ஓட்டுகிறவரும் மச்சான், வீட்டுக்குள்ளேயே இருப்பதை விட்டுவிட்டு ஏன் கண்டிக்காரனுக்குப் பிழைப்புக் கொடுக்கவேண்டும்? இனிமேல் மர்சூக்கின் போர் வேலை எல்லாம் மஹ்ரூபின் மெசினில்தான் நடக்கவேண்டும். அங்கிருந்த எல்லாரும் ஆமோதித்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு அழகான தீர்ப்பு! சிலிண்டர் கோணலாகப் போனால் என்ன செய்வது என்று மர்சூக் கேட்டார். சபை சிரித்தது. மனிதன் கோணலாகப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் ஹாஜியார். மர்சூக் சம்மதித்தார். ஸைனம்பு அன்றே திரும்பிப் போனாள்.

அன்றிலிருந்து மர்சூக்குக்கு இரட்டை வேலை. மஹ்ரூப் கடைந்து அனுப்புகிற சிலிண்டர்களில் மேடு பள்ளத்தை விரலால் தடவிப் பார்ப்பார். மரக்கட்டையில் எமரித் தாளைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, மேலும் கீழுமாக இழுத்து இழுத்துச் சமப்படுத்துவார். மெசின் கால் மணி நேரத்தில் செய்யவேண்டியதை அவருடைய தோள் நாள்முழுக்கச் செய்யும். கையால் சரிக்கட்ட முடியாத பிழை வந்தால் பிஸ்டனைச் சுற்றிப் பூட்டுகிற ரிங்கை அராவி, பிஸ்டனைத் தேய்த்து, எப்படியாவது பொருத்துவார். யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஓடின.

அவை ஓடியதால் என்ன ஆனது தெரியுமா? மஹ்ரூபுக்குப் பேர் வந்தது. மஹ்ரூப் அடித்த போர் சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்று லொறிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வாசல் பலகை பெரிதானது. இவர் பூசி மெழுகிய ஒவ்வொரு சிலிண்டரும் அவனுடைய பலகைக்கு ஓர் எழுத்தாகப் போய்ச் சேர்ந்தது. மர்சூக்குக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. எரிந்தாலும், தங்கையின் முகத்தில் வீக்கம் இல்லாததைப் பார்த்து அந்த எரிச்சலை அணைத்துக்கொண்டார். பல வருடங்கள் இப்படியே போயின.

எழுபதுகள் பிறந்தன. அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவை அடைத்தது. வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வருவது நின்றதும் கலேவெல, தம்புள்ளைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு யோகம் அடித்தது. லொறிகளுக்கு ஓயாத ஓட்டம். ஆனால் லொறிக்குத் தேவையான பிஸ்டனும் ரிங்கும் அதே அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன.

அப்போதுதான் சோமசுந்தரத்தின் லொறி மர்சூக்கிடம் வந்தது. சோமசுந்தரம் மாத்தளை டவுன்காரர், அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் செய்கிற குடும்பம். பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மூட்டை தூக்கியவர்கள், மூன்றாம் தலைமுறையில் ஒரு லொறிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இருந்தது அந்த ஒரு லொறிதான். அதிலேதான் தம்பிகள் இருவரின் குடும்பமும் தொங்கிக்கொண்டிருந்தது. மர்சூக்கின் ஏச்சைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவர். ஏச்சுக் குறைந்தால் உடம்புக்கு என்ன நானா என்று விசாரிப்பார்.

எஞ்சின் புகை கக்கியது. சிலிண்டர்களைப் போர் அடித்தே ஆகவேண்டும். அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டன் நாட்டில் இல்லை என்றார்கள். சோமசுந்தரம் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு கிழவரின் பரணிலிருந்து ஆறு பிஸ்டன் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டு வந்தாராம். அதைக் கராஜ் மேசையில் வைத்துவிட்டு, கும்பிடுவது போல ஒரு நிமிடம் நின்றார்.

"இதவிட்டா வேற கிடையாது நானா. பாத்துச் செய்யுங்க" என்றார்.

மர்சூக் அன்று ஏசவில்லை. நேரே மஹ்ரூபிடம் போனார். தான் பக்கத்தில் நிற்கும்போதுதான் இந்த ஒரு வேலையைச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மஹ்ரூப் தாராளமாகச் சம்மதித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு செய்வோம், வாருங்கள் என்றான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மர்சூக் பட்டறைக்குப் போனபோது வேலை முடிந்திருந்தது. பின்னேரம் அக்குறணையில் ஒரு கல்யாணம், அதனால் காலையிலேயே அடித்துவிட்டேன் என்று அத்தர் பூசிக்கொண்டே சொன்னான். எஞ்சினின் உடம்பு, அந்தக் கனத்த இரும்பு பிளாக், சாக்கு மூடித் தரையில் கிடந்தது.

கராஜுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ரிங்கை விட்டுப் பார்த்தார். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் நகத்தின் கனம்தான் இடைவெளி இருக்கவேண்டும். ஐந்து சிலிண்டரில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மூன்றாவதில் ஒரு தீக்குச்சி படுத்துத் தூங்கலாம். விளக்கைக் கிட்டத்தில் பிடித்து பிளாக்கின் மேல்முகத்தைத் துடைத்தார். அங்கே சின்னதாக ஒரு நசுங்கல், சுருண்ட இரும்புச் சீவலின் அச்சு. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடித்தட்டைத் துடைக்காமல் மெசினை வைத்திருக்கிறான். கீழே சீவல் சிக்கி மெசின் சாய்ந்திருக்கிறது. சிலிண்டர் ஒரு பக்கம் கடைபட்டு மறுபக்கம் கடைபடாமல் நின்றதும், அதை மறைக்க இன்னொரு தடவை ஆழமாக ஓட்டியிருக்கிறான். இப்போது சிலிண்டர் சாய்ந்தும் இருந்தது, அகன்றும் இருந்தது. எந்த எமரித் தாளும் இதற்கு உதவாது.

ஒரு வழி இருந்தது. கண்டிப் பட்டறையில் அந்த ஒரு சிலிண்டருக்கு உள்ளே இரும்புக் குழாய் ஒன்றை இறக்கி, அதைச் சரியான அளவுக்குக் கடைந்து எடுக்கலாம். சிலீவ் போடுவது என்பார்கள். செலவு தன்னுடையது, யாருக்கும் மூச்சு விடமாட்டேன் என்று மறுநாள் மஹ்ரூபிடம் சொன்னார். மஹ்ரூப் மெசினில் சாய்ந்துகொண்டு கேட்டான். கோபப்படவில்லை.

"நீங்க குடுத்த மெசின் தானே மச்சான். கோணலா இருந்தா அது உங்கட சீதனம் கோணல். இந்த பிளாக் கண்டி ரோட்டுல ஏறினா, பின்னால உங்கட தங்கச்சிட பெட்டியும் ஏறும். ஹாஜியாருக்கு முன்னால நீங்க குடுத்த வாக்கு" என்றான்.

உள்வீட்டுத் திரைக்குப் பின்னால் கோப்பை ஒன்று சாசரில் நடுங்கிய சத்தம் கேட்டது. தேத்தண்ணி வெளியே வரவில்லை.

அடுத்த நாள் பகலில் ஸைனம்பு கராஜுக்கு வந்தாள். மூடிய பாத்திரத்தில் சோறு கொண்டுவந்திருந்தாள். ஆண்கள் வேலை செய்கிற இடத்துக்கு அவள் வருகிறவள் இல்லை. நானா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் மூத்தவள் றஹீமாவைப் பெண் பார்க்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்றாள்.

"இந்த நேரம் என்னத் திருப்பி அனுப்பினா அவட கதை என்னாகும் நானா? தாய வாழாம அனுப்பின வீட்டுல யார் பொண் எடுப்பாங்க? நீங்க எத்தனையோ எஞ்சின ஒப்பேத்தினீங்களே, இதையும் எப்படியாவது செஞ்சி விடுங்க."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை வருடங்களாக யாருடைய தோளில் தன் குடித்தனம் ஓடுகிறது என்பதைத் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். அது மர்சூக்குக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இல்லை, அவமானமாக இருந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு, சரி, போ என்றார்.

பிறகு செய்யக்கூடாததைச் செய்தார். மூன்றாம் பிஸ்டனை மடியில் வைத்து, கூர்முனை உளியால் அதன் பக்கமெல்லாம் புள்ளி புள்ளியாகக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் சுற்றிலும் உலோகம் கொஞ்சம் மேலே எழும். அப்படிப் பிஸ்டனைப் பருக்கவைத்து அகன்ற சிலிண்டருக்குள் இறுக்குவது தோட்டக்காட்டுப் பட்டறைகளில் அவசரத்துக்குச் செய்கிற வேலை. அப்படிச் செய்கிற பாஸ்மாரைச் சந்தியில் நிறுத்தி ஏசியவர் இவர். பஞ்சிகாவத்தையிலிருந்து மடியில் வந்த புதுப் பிஸ்டன் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல ஆனது. சாய்வுக்கு மருந்தே இல்லை. அதை அல்லாஹ்விடம் விட்டார். அல்லாஹ் எஞ்சின் வேலை பார்ப்பதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

எஞ்சின் கிளம்பியது. குளிர்ச்சியில் மட்டும் உள்ளே யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல ஒரு சத்தம், சூடானதும் அது மறைந்தது. சோமசுந்தரம் சூடம் கொளுத்தி, சில்லின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார். மர்சூக்கின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பாதிச் சுமைதான் ஏற்றவேண்டும் என்று மர்சூக் கண்டிப்பாகச் சொன்னார். உண்மையை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்க்குள் வந்தது, சோமசுந்தரம் தேங்காய்ப் பாதியை நீட்டினார், வாங்கிக்கொண்டார்.

வெங்காயம் பொன் விலைக்குப் போகிற காலத்தில் எவன் பாதிச் சுமை ஏற்றுவான்? ஒரு வாரம் பொறுத்தார் சோமசுந்தரம். அடுத்த வாரம் கலேவெலயில் முழுச் சுமை ஏற்றினார். நாலந்தாவைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில் எஞ்சினுக்குள் வெடி வெடித்தது போலச் சத்தம் கேட்டு லொறி நின்றது. ரோட்டில் எண்ணெய் ஆறாக ஓடியது.

ஆள் அனுப்பியதும் மர்சூக் பஸ்ஸில் போய் இறங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே வெங்காயம் வியர்க்கத் தொடங்கியிருந்தது. மூன்றாம் பிஸ்டன் உடைந்து, அதைத் தாங்கிய தண்டு பிளாக்கின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மூன்றாம் சிலிண்டரின் சுவரே இல்லை. அதன் சாய்வை அளப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. உடைந்த பிஸ்டனின் ஒரு துண்டு மட்டும் எண்ணெய்த் தட்டில் முழுசாகக் கிடந்தது. சோமசுந்தரம் அதை எடுத்து வேட்டியில் துடைத்தார். வரிசை வரிசையாக உளிக்குத்துகள்.

"இது என்ன நானா? இது யாரு குத்தினது?"

மெசின் சாய்ந்த கதையை மர்சூக் சொல்லலாம். சொன்னால் இந்த மனிதர் இன்றைக்கே கொங்காவலக்குப் போவார், நியாயம் கேட்பார். பெட்டி தெருவுக்கு வரும். றஹீமாவை ஒரு வாரத்துக்கு முன்புதான் பார்த்துவிட்டுப் பிடித்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நான்தான் குத்தினேன், முதலாளி" என்றார் மர்சூக். "சிலிண்டர் கொஞ்சம் அகலமா இருந்திச்சு. சமாளிக்கலாம்னு நினைச்சேன்."

சோமசுந்தரம் ஏசவில்லை. ஏசியிருந்தால் மர்சூக் பிழைத்திருப்பார். அவர் அந்தத் துண்டை மடக்கிய விரல்களுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கண்டிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேனே நானா" என்றார். அதற்குப் பிறகு அவர் மர்சூக்கோடு பேசியதே இல்லை. லொறியின் கூட்டை இரும்புக்கு விற்றார். தம்பிகள் இருவரும் மூட்டை தூக்கப் போனார்கள். திருவிழாவில் அவர்களுடைய நாளை வேறொரு குடும்பம் எடுத்துக்கொண்டது.

பிஸ்டன் துண்டு ஊரெல்லாம் கைமாறியது. தேத்தண்ணிக் கடை மேசையில் சில நாள் கிடந்தது. யார் பார்த்தாலும் விளங்குகிற குற்றம் அது. மஹ்ரூப் அதைக் கையில் வைத்துப் புரட்டிவிட்டு, தான் கடைந்து கொடுத்தது நூல் பிடித்த மாதிரி இருந்தது என்றும், மச்சானுக்கு வயதாகிக் கை தடுமாறிவிட்டது, அதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டான். எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். வாழ்நாளெல்லாம் யாரையும் விட்டுவைக்காத மர்சூக்கின் வாய், பேசவேண்டிய ஒரே சமயத்தில் பூட்டிக்கொண்டது. லொறிகள் அவருடைய வாசலைத் தாண்டிப் போயின. அடுத்த வருடத்துக்குள் கராஜை மூடினார்.

றஹீமாவின் நிக்காஹ் சிறப்பாக நடந்தது. அந்தப் பந்தலில்தான் மஹ்ரூப் எல்லாரும் கேட்கும்படி, மச்சான் இனிமேல் நம்ம பட்டறையிலேயே இருக்கட்டும், பெரிய மனிதரை வெளியில் விடலாமா என்றான். ஸைனம்பு சந்தோசத்தில் அழுதாள். அவள் அழுத பிறகு மறுப்பதற்கு மர்சூக்கிடம் என்ன இருந்தது?

அங்கே அவருடைய வேலை, கடைந்து முடிந்த சிலிண்டரை அளந்து பார்ப்பது. முதல் சில மாதங்கள் அடித்தட்டைத் துடைத்தார், கத்தியைத் தீட்டினார், மெசினைத் தன் கையாலேயே ஓட்டினார். மெசின் எவ்வளவு நல்ல மெசின் என்பது இத்தனை வருடங்கள் கழித்துத் தெரிந்தது. அதற்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அதை நினைத்து ஒரு நாள் பட்டறை மூலையில் உட்கார்ந்து அழுதார். ஆனால் வேலை குவிகிற நாட்களில் மஹ்ரூபே வெள்ளைச் சட்டையோடு மெசினைச் சுழற்றுவான். பிழையானதைப் பிழை என்று மர்சூக் சொன்னால் அன்று உள்வீட்டில் பாத்திரம் உருளும். பையப் பைய அவர் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

பெரும்போக மழைக்கு முன்னால், கலேவெலப் பக்கத்துக் கமக்காரர் பதுர்தீன் என்பவர் தன் டிரக்டரின் பிளாக்கை எடுக்க வந்தார். உழவு தொடங்கப்போகிறது, அதற்குள் எஞ்சின் பூட்டவேண்டும். மர்சூக் ளுஹர் தொழப் போயிருந்த நேரத்தில் மஹ்ரூப் அதைக் கடைந்து வைத்திருந்தான். மர்சூக் ரிங்கை உள்ளே விட்டுப் பார்த்தார். முனைகள் விலகி நின்றன. மஹ்ரூப் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. உள்ளே ஸைனம்பு தேங்காய் துருவுகிற சத்தம் சீராகக் கேட்டது.

பதுர்தீன் குனிந்து சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை, பளபளப்புத்தான் தெரிந்தது. தம்புள்ளையில் அந்தக் காலத்து டிரைவர் ஒருவர் மர்சூக் பாஸின் பேரைச் சொல்லித்தான் தன்னை அனுப்பினார் என்றார்.

"நீங்க பாத்தாச் சரி பாஸ். உங்கட வாயால சொல்லுங்க, நான் கொண்டு போறேன்."

"சரியா இருக்கு, கொண்டு போங்க" என்றார் மர்சூக்.

அன்றைக்கு அவரை யாரும் மிரட்டவில்லை. யாருடைய பெட்டியும் தெருவுக்கு வரக் காத்திருக்கவில்லை. கேட்டதும் வாய் தானாகச் சொன்னது, ஸலாமுக்குப் பதில் சொல்வது போல. சொன்ன பிறகு நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தார், அது படபடக்கவில்லை. பதுர்தீன் இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, பிளாக்கைச் சாக்கில் சுற்றி, ஆள் பிடித்துக் கலேவெல பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். ஸைனம்பு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, சீனி போதுமா நானா என்று கேட்டாள். போதும் என்று சொல்லிவிட்டு அவர் குடிக்கத் தொடங்கினார்.